ஹெரால்டுக்கு என்ன புஷ் போடுவது?

ரொம்ப நாளாக எழுத நினைத்து, ஆணி அதிகமானதால் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த விஷயம் இது. பாகூரில் இருக்கும் நண்பர் ஒருவர், அவங்க அப்பா ஓட்டின ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவரும் வேலையில் இறங்கியிருக்கிறார். முன் சஸ்பென்ஷன் புஷ் அத்தனையும் காலி. ரப்பர் போடுவதா, பாலியூரித்தேன் போடுவதா, இல்லை லேத்தில் கொடுத்துப் பித்தளையிலேயே கடைந்துவிடுவதா என்று கேட்டார். 'ரப்பர்' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஏன் ரப்பர் என்று விளக்கப் புகுந்தால், கதை மாட்டு வண்டியில் தொடங்கி பாரிஸ், கோவெண்ட்ரி எல்லாம் சுற்றி வண்டலூரில் வந்து நிற்கிறது. கார் ஆர்வம் இல்லாதவங்களும் கொஞ்சம் பொறுமையாகப் படிங்க. இதில் காரை விட கிரீஸ் அடிக்கும் பையனுக்குத்தான் பங்கு அதிகம்.

மாட்டு வண்டி பார்த்தவர்களுக்கு புஷ் என்றால் என்னவென்று சொல்லவே வேண்டாம். சக்கரத்தின் குடத்துக்குள் ஒரு இரும்புக் குழல் இருக்கும். இருசு அதற்குள்தான் சுழலும். மரக்குடத்தில் இரும்பு நேராக உரசினால் குடம் சீக்கிரம் தேய்ந்து சக்கரமே வீணாகிவிடும். அதனால் தேய்வதற்கென்றே நடுவில் ஒரு பொருளை வைத்து, தேய்ந்ததும் அதை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள். அதுதான் புஷ். அந்த உரசலைக் குறைக்க வண்டி மை: வைக்கோலைக் கரியாக்கி விளக்கெண்ணெயில் குழைத்தது. வண்டிக்காரர் அதை மூங்கில் குழாயில் போட்டு வண்டிக்கு அடியிலேயே தொங்கவிட்டிருப்பார். மை போட மறந்த கரும்பு வண்டி பாகூர் ஏரிக்கரையில் ஏறினால் சத்தம் ஊருக்கே கேட்கும்.

மோட்டார் கார் வந்தபோதும் ஏற்பாடு இதேதான், எண்ணிக்கைதான் கூடிப்போச்சு. சக்கரம் மேலும் கீழும் ஆட வேண்டும், முன் சக்கரம் திரும்பவும் வேண்டும். எனவே சஸ்பென்ஷனில் ஏகப்பட்ட மூட்டுகள். ஒவ்வொரு மூட்டிலும் எஃகுப் பின், அதைச் சுற்றி வெண்கலமோ பித்தளையோ ஒரு புஷ், வெளியே ஒரு கிரீஸ் நிப்பிள். ஒரு காரில் டஜன் நிப்பிளுக்கு மேல் இருக்கும். ஆயிரம் மைலுக்கு ஒரு தடவையாவது அத்தனைக்கும் கிரீஸ் அடிக்கணும். வெள்ளைக்கார ஊர்களில் இதைச் செய்யச் சம்பளத்துக்கு டிரைவர் இருந்தவரை யாரும் கவலைப்படவில்லை. காரின் சொந்தக்காரரே ஓட்டுகிற காலம் வந்ததும் நிப்பிள் ஒரு தொல்லையாகிவிட்டது. நம்ம ஊரில் தொல்லை ஆகவில்லை. வாட்டர் சர்வீஸ் பள்ளத்தில் இறங்கி கிரீஸ் அடிக்க ஒரு பையன் எப்போதும் கிடைத்தான். அம்பாசடரும் ஃபியட்டும் அத்தனை வருஷம் ஓடியதில் அந்தப் பையன்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கிங் பின்னுக்கு நாலு மாசம் கிரீஸ் அடிக்காமல் விட்டுப் பாருங்க, ஸ்டீயரிங் அம்மிக்கல் மாதிரி ஆகும்.

இந்த நிப்பிளை ஒழிக்க வந்ததுதான் ரப்பர் புஷ். 1920களில் லியோன் தியரி என்பவர் காப்புரிமை வாங்கிய யோசனை. இரண்டு எஃகுக் குழல்கள், ஒன்றுக்குள் ஒன்று. இடையில் இருக்கும் சந்தை விடப் பருமனான ரப்பர் குழலை, பலமாக அழுத்தி உள்ளே திணித்துவிடுவது. அழுத்தம் காரணமாக ரப்பர் இரண்டு குழலையும் கவ்விப் பிடித்துக்கொள்ளும். சக்கரம் ஏறி இறங்கும்போது எதுவும் எதன்மேலும் வழுக்காது, உரசாது. ரப்பர் தன் உடம்புக்குள்ளேயே முறுக்கிக்கொண்டு மறுபடி நிமிரும். உரசல் இல்லை என்றால் கிரீஸ் எதற்கு? சத்தமும் இல்லை. அதனால் அதற்கு வைத்த பெயர் 'சைலன்ட் பிளாக்'. பிரான்ஸில் இதை விற்றவர் பிரான்சுவா ரெப்யூசோ. 1925 மாண்டி கார்லோ ராலியில் ரெனோ காரில் ஜெயித்தவர். பிரெஞ்சில் இன்றைக்கும் எந்தக் கம்பெனி செய்தாலும் இந்த வகை புஷ்ஷுக்கு 'சிலான்ப்ளோக்' என்றே பேர், நாம் எல்லா நகலையும் ஜெராக்ஸ் என்கிற மாதிரி. நம்ம பட்டறைகளிலும் பல மேஸ்திரிகள் 'சைலன்ட் பிளாக்' என்றுதான் கேட்பார்கள். பாண்டியில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பத்துப் பெரியவரும் வில்லியனூர் பட்டறை மேஸ்திரியும் சேர்ந்து புரிந்துகொள்ளக்கூடிய மெக்கானிக் வார்த்தை அநேகமாக இது ஒன்றாகத்தான் இருக்கும் :-)

1931-இல் அமெரிக்காவில் கிறைஸ்லர் கம்பெனி தன் பிளிமத் காரில் என்ஜினையே ரப்பர் மேல் உட்கார வைத்தது. மறு வருஷம் சிட்ரோயன் அந்த உரிமையை வாங்கி, தண்ணீரில் மிதக்கும் அன்னப்பறவைப் படம் போட்டு விளம்பரம் செய்தது. அதே பத்தாண்டில் ரப்பரை எஃகோடு ஒட்டவைக்கும் வித்தையும் தொழிலாகிவிட்டது. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து மெட்டலாஸ்டிக் இதில் பேர் வாங்கியது. எப்படி ஒட்டவைத்தார்கள் தெரியுமா? எஃகின் மேல் மெல்லிசாகப் பித்தளை முலாம் பூசி, அதன் மேல் ரப்பரை வேகவைத்தார்கள். ரப்பரில் கலந்த கந்தகம் பித்தளையில் உள்ள செம்பைப் பிடித்துக்கொள்ளும். மூட்டில் இருந்து துரத்தப்பட்ட பித்தளை, முலாமாகத் திரும்பி வந்தது.

இப்போ ஹெரால்டுக்கு வருவோம்.

கோவெண்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு-டிரயம்ப் கம்பெனிக்கு 1950களில் ஒரு சங்கடம். அவர்களுக்கு பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டிக் கம்பெனியான பிஎம்சி 1953-இல் வாங்கிவிட்டது. முழு பாடியும் ஒரே கூடாகச் செய்துதர ஆள் இல்லை. அதனால் மற்றவர்கள் எல்லாம் சேஸிஸைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் பழையபடி தனி சேஸிஸ் போட்டு, துண்டு துண்டாக பாடியை அதன்மேல் போல்ட் அடித்து ஒரு காரைச் செய்தார்கள். வடிவம் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி, எஞ்சினியரிங் ஹாரி வெப்ஸ்டர். 1959 ஏப்ரலில் வெளியான அந்த டிரயம்ப் ஹெரால்டில், நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், 25 அடி வட்டத்தில் திரும்பும் வசதி. அதோடு விளம்பரத்தில் பெருமையாகச் சொன்ன இன்னொன்று: மாதா மாதம் கிரீஸ் கன் தூக்கிக்கொண்டு சேஸிஸ் அடியில் படுக்க வேண்டாம். முன் சஸ்பென்ஷன் கைகள் சேஸிஸில் மாட்டும் இடமெல்லாம் ரப்பர் புஷ், வெளி முனையில் நைலான் புஷ், ஸ்டீயரிங் ரேக்கைக் கட்டும் இடத்தில் ரப்பர், பின்னால் குறுக்கே போகும் பட்டை ஸ்பிரிங்கின் இரண்டு கண்ணிலும் புஷ். (அதே 1959 ஆகஸ்டில் வந்த மினி, ஸ்பிரிங்கையே தூக்கிவிட்டு ரப்பர் கூம்பு வைத்தது. ரப்பருக்கு அது ராஜயோக வருஷம்.)

1961-இல் இந்தக் கார் சென்னைக்கு வந்தது. வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 948 சிசி என்ஜினோடு 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பேரில் செய்ய ஆரம்பித்தது. சில வருஷத்துக்குள் பாகங்கள் எல்லாம் இங்கேயே தயாராகிவிட்டன. நாலு கதவு மாடலும், பின்பக்கம் நீண்ட 'கம்பேனியன்' மாடலும் நம்ம ஊருக்கென்றே செய்தது. லைசென்ஸ் காலத்தில் கார் என்றால் அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு, இந்த மூன்றில் ஒன்று. மூன்றில் தமிழ்நாட்டில் பிறந்தது இது மட்டும்தான். மெட்ராஸ் டாக்டர்கள், வக்கீல்களோடு பாண்டி, கடலூர் பக்கத்துப் பண்ணைக்காரர்களும் வாங்கினார்கள்.

கார் வந்தது. கார் கூடவே வந்திருக்க வேண்டிய ஒரு சேதி வரவில்லை. இதற்கு எண்ணெய் காட்டக் கூடாது என்பதை சர்வீஸ் பள்ளத்தில் நின்ற பையனுக்கு யார் சொல்வது?

நம்ம ஊர் வாட்டர் சர்வீஸ் பார்த்தவங்களுக்குத் தெரியும். தண்ணீர் பீய்ச்சி சேறு போக்கி, கிரீஸ் அடித்து, கடைசியில் ஆயில் ஸ்பிரே. பழைய என்ஜின் ஆயிலையோ டீசல் கலந்த ஆயிலையோ காற்றழுத்தத்தில் வண்டிக்கு அடியில் முழுக்கத் தெளிப்பது. அம்பாசடரின் பட்டை ஸ்பிரிங்குக்கும் லாரிக்கும் அது மருந்து. துரு பிடிக்காது, கிரீச்சிடாது. இயற்கை ரப்பருக்கு அதுவே விஷம். மினரல் ஆயில் பட்ட ரப்பர் அதை உறிஞ்சி ஊதும், இளகும், கவ்விப் பிடித்திருந்த பிடி விட்டுப்போகும். எண்ணெய் காட்டாமல் விட்டால் பல வருஷம் தாங்கியிருக்கக்கூடிய புஷ், மாதா மாதம் அக்கறையாக ஸ்பிரே அடித்ததாலேயே இளகிப்போச்சு. அதிகம் கவனித்த வீட்டு ஹெரால்டுதான் முதலில் கடகடவென்று ஆடியிருக்கும் என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

இதற்கு நேர்மாறான கூத்து ட்ரனியனில். முன் சக்கரம் திரும்பும் செங்குத்துத் தண்டின் கீழ் முனை, மரையாக ஒரு வெண்கலத் துண்டுக்குள் இறங்கியிருக்கும். ஹெரால்டில் ஒழுங்காக எண்ணெய் கேட்கிற மூட்டு இதுதான், அதுவும் கிரீஸ் இல்லை, கெட்டியான கியர் ஆயில். ஆயிலை கிரீஸ் கன்னில் நிரப்பித்தான் ஏற்றணும். கன்னைப் பார்த்ததும் கை தானாக கிரீஸ் டப்பாவுக்குப் போகாதா? கிரீஸ் மேல்மரை வரை ஏறாது, இறுகி அடைத்துக்கொள்ளும். உள்ளே துரு பிடித்து மரை சிக்கி, ஒருநாள் திரும்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். இது இங்கிலாந்திலும் நடந்ததுதான், நம்ம ஊர்க் குறை மட்டும் இல்லை. எண்ணெய் வேண்டாத இடத்தில் தெளித்தார்கள். வேண்டிய இடத்தில் கிரீஸை அடைத்தார்கள்.

இங்கேதான் லேத் பட்டறைக்காரர் கதைக்குள் வருகிறார். இளகின ரப்பர் புஷ்ஷைக் கையில் எடுத்துப் பார்ப்பார். "ரப்பர் என்னாத்துக்கு தம்பி தாங்கும்? கன்மெட்டல்ல கடைஞ்சி போட்டுத் தரேன், உன் பேரப்பிள்ள வரைக்கும் வரும்" என்பார். வெண்கலம், பித்தளை, நைலான் ராடு, ஹைலம், ஒன்றும் இல்லாவிட்டால் பழைய லாரி டயரில் வட்டமாக வெட்டிய துண்டு. ஸ்பேர் கிடைக்காத ஊரில் இவர்கள் இல்லையென்றால் அந்தக் கார்களில் பாதி எழுபதுகளைத் தாண்டியிருக்காது. ஆனால் அந்தத் தீர்வில் ஒரு திருகல் இருக்கிறது. பித்தளை புஷ் போட்டதுமே உரசல் வந்துவிட்டது. உரசல் வந்ததும் நிப்பிள் துளைத்தாக வேண்டும். நிப்பிள் வந்ததும் பையன் மறுபடி பள்ளத்தில் இறங்கியாக வேண்டும். கோவெண்ட்ரியில் முப்பது வருஷ ஆராய்ச்சியின் பலனாக ஒழித்ததை, நம்ம ஆள் ஒரே மத்தியானத்தில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்.

அதுகூடப் பரவாயில்லை. ரப்பருக்கு இன்னொரு வேலையும் உண்டு. பள்ளத்தில் சக்கரம் விழும்போது கை கொஞ்சம் பக்கவாட்டில் நழுவ இடம் கொடுத்து, அதிர்ச்சியைத் தானே விழுங்கும். பித்தளை விழுங்காது. அந்த அடி முழுசும் பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் போகும். பாகூர் காரில் வலது பக்கம் கீழ்க்கை பிராக்கெட்டில் வெல்டிங் மேல் வெல்டிங்காக மூன்று தடவை ஒட்டிய தழும்பு. உள்ளே கழற்றிப் பார்த்தால் பித்தளை புஷ், சும்மா தங்கம் மாதிரி, தேய்மானமே இல்லாமல்! புஷ் தேய்வதற்காகப் பிறந்தது. அது தேயவில்லை என்றால் அதற்குப் பதிலாக வேறு ஏதோ தேய்கிறது, விரிகிறது. அந்தத் தனி சேஸிஸ் போனால் புதுசு எங்கேயும் கிடைக்காது. புஷ் விஷயத்தில் இவ்வளவு நீட்டி முழக்குவதற்குக் காரணம் அதுதான்.

கம்பெனியே மனம் மாறிய கதையும் உண்டு. 1972-இல் வந்த 'கெசல்' மாடலில் பின் சக்கரத்துத் தனி சஸ்பென்ஷனை எடுத்துவிட்டு, அம்பாசடர் மாதிரி நேர் ஆக்ஸிலைப் போட்டார்கள். 1977-இல் அதுவும் நின்றது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று பெரிய கார் ஒன்றை விட்டார்கள். 1988-இல் அந்த முயற்சியும் முடிந்தது. அதற்குப் பிறகு ஜி.பி. ரோடு கடைகளின் பழைய இருப்பும் புதுப்பேட்டை இரும்புக் குவியலும்தான் கதி.

சரி, இப்போ என்னதான் போடுவது?

பாலியூரித்தேன் பற்றி முதலில். 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் கண்டுபிடித்த பொருள். பழைய கார் ஆசாமிகளிடம் இது கடந்த சில பத்தாண்டுகளாக ரொம்பப் பிரபலம். ஹெரால்டுக்கும் இங்கிலாந்தில் முழு செட் கிடைக்கிறது, சிவப்பு, நீலம் என்று கண்ணைப் பறிக்கிற நிறங்களில். எண்ணெய் பட்டால் ஒன்றும் ஆகாது, ரப்பரை விடக் கெட்டி, வண்டி ஸ்டீயரிங் சொன்னபடி கேட்கும். ஆனால் அது எஃகோடு ஒட்டிப் பிறந்தது இல்லை. ஷோர் அளவில் ரப்பர் புஷ் 60 சொச்சம் என்றால் இது 80, 90 என்று போகும். முறுக்கிக்கொள்ள மாட்டாமல் நடுக்குழலைச் சுற்றி வழுக்கும். வழுக்குகிறது என்றால்? ஆமாம், கிரீஸ். சிலிகான் மாதிரித் தனி கிரீஸ். அது காய்ந்தால் கீச் கீச். இன்னொன்று, பாலியூரித்தேனில் இரண்டு சாதி: பாலியெஸ்டர் வழி வந்தது, பாலியீதர் வழி வந்தது. முதல் வகை வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் வருஷக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே சிதைந்து உதிர ஆரம்பிக்கும். ஐப்பசி கார்த்திகையில் ஏரி நிரம்பி, வயல்காட்டுத் தண்ணி ரோட்டில் ஏறுகிற ஊர் பாகூர். மாட்டுக்கொட்டகையை ஒட்டின ஷெட்டில் நிற்கிற காருக்கு இதைக் கேட்காமல் வாங்கக் கூடாது. நம்ம ஊர்க் கடையில் கேட்டால் நிறத்தைத்தான் சொல்கிறார்கள், சாதியைச் சொல்ல ஆள் இல்லை.

நைலானுக்கும் ஈரம் ஆகாது; தண்ணீரைக் குடித்துக் கொஞ்சம் பருக்கும். வெளி முனை புஷ்ஷை லேத்தில் கடைபவர் நைலான் ராடில் கச்சிதமாகக் கடைந்துவிட்டால், மழைக்காலத்தில் இறுகிப் பிடிக்கும். அசிட்டால், கடையில் டெல்ரின் என்பார்கள், அது பருக்காது. அந்த ஒரு இடத்துக்கு லேத்தில் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணையே கிடையாது. அங்கே மூட்டு நிஜமாகவே சுழல்கிறது, அது கடைசல்காரர் ராஜ்ஜியம்.

கைகள் சேஸிஸில் மாட்டும் உள்முனைக்கு மட்டும் ரப்பர்தான். கையில் கிரீஸ் கன்னோடு மாதா மாதம் யார் படுத்துப் புரளப் போகிறார் என்று கேட்டுப்பார்த்தாலே பதில் வந்துவிடும். நண்பர் கார் வாரம் ஒருநாள் ஏம்பலம், கரிக்கலாம்பாக்கம் வழியாக வில்லியனூர் வந்து போகப் போகிறது, அவ்வளவுதான். பந்தயமா ஓட்டப் போகிறார்? ஸ்டீயரிங் ரேக் கட்டும் இடத்தில் மட்டும் பாலி போடலாம். அங்கே சுழற்சி இல்லை, பிடி இறுகினால் நல்லதுதான்.

ரப்பர் வாங்குவதிலும் கவனம் வேணும். 'ஒரிஜினல் பழைய ஸ்டாக்' என்று டப்பாவோடு காட்டுவார்கள். டப்பா அழகாகத்தான் இருக்கும். அலமாரியில் நாற்பது வருஷம் தூங்கின ரப்பர் காற்றாலேயே கெட்டுப்போயிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்க, அமுங்கி நிமிரணும். கொஞ்சம் முறுக்கினால் மேலே மயிரிழை விரிசல் தெரிந்தால் வேண்டாம். அதே மாடல் புதுசு கிடைக்காவிட்டால் வெர்னியரில் மூன்று அளவு எடுத்துக்கொள்ளுங்கள்: வெளி விட்டம், உள் துளை, நீளம். வேறு வண்டி புஷ்ஷில் வெளி விட்டம் சரியாக இருந்தால், உள் துளைக்கும் நீளத்துக்கும் லேத்தில் ஒரு ஸ்லீவ் போட்டுச் சமாளிக்கலாம். வேடிக்கை என்னவென்றால், பக்கத்துக் கொம்யூன் நெட்டப்பாக்கத்தில், ஏரிப்பாக்கத்தில், பெரிய டயர் தொழிற்சாலையே இருக்கிறது. டன் டன்னாக ரப்பர் வேகும் இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் கட்டைவிரல் அளவு ரப்பருக்கு அலைகிறோம். சின்ன மோல்டிங் பட்டறைகளில் டை போட்டால் செய்து தருவார்கள்தான், எட்டு புஷ்ஷுக்காக டை போடக் கட்டுப்படியாகாது. ஹெரால்டு வைத்திருக்கும் பத்து பேர் சேர்ந்தால் ஆகும். ஆள் சேர்க்கும் வேலை நடக்கிறது. வீட்டில் ஹெரால்டு வைத்திருக்கிறவங்க சொல்லுங்க.

மாட்டும்போது எல்லோரும் அவசரப்படும் இடம் ஒன்று. காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்க, அப்படியே போல்ட்டை முறுக்கி இறுக்கிவிடுவார்கள். ரப்பர் அந்தத் தொங்கும் நிலையைத்தான் தன் ஓய்வு நிலை என்று எடுத்துக்கொள்ளும். காரை இறக்கியதும் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே கிடக்கும். ஆறே மாதத்தில் கிழியும். அப்புறம் "நான் சொல்லல, ரப்பர் தாங்காதுன்னு" என்பார் மேஸ்திரி. போல்ட்டை லூசாக மாட்டி, காரைத் தரையில் இறக்கி, உள்ளே இரண்டு பேரை உட்கார வைத்து, முன்னும் பின்னும் நாலு தடவை உருட்டிவிட்டு, அப்புறம் இறுக்கணும்.

வாட்டர் சர்வீஸுக்கு விட்டால் ஆயில் ஸ்பிரே வேண்டாம் என்று கூடவே நின்று சொல்லணும். ட்ரனியனுக்கு இபி 90 கியர் ஆயில், ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிக்கொண்டே, மேல் சீலில் கசியும் வரை. அந்த ஆயிலுக்கென்று தனி கன் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம். கிரீஸ் இருந்த கன்னையே துடைத்து நிரப்பினால் முதல் நாலு அழுத்து கிரீஸாகத்தான் போகும்.